பதினெட்டு வளைவு இறங்கிய கோப்பை

ஏலமலைத் தோட்டக் கிளப்பின் கண்ணாடி அலமாரியில் நாற்பத்தாறு வருஷம் அசையாமல் உட்கார்ந்திருந்த வெள்ளிக் கோப்பை, ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, பூட்டின பூட்டு பூட்டினபடியே இருக்க வெளியே வந்து, மலைப்பாதையின் பதினெட்டு வளைவுகளையும் தானாக இறங்கி, அடிவாரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த செசிலியின் வாசலில் வந்து நின்றபோது, அவள் ஒரு லாரி ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வந்திருப்பது எது என்று தெரிந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஆச்சரியப்பட அவளுக்கு ஒன்றுமில்லை. கோபம்தான் வந்தது. வருவதாக இருந்தால் அவள் அப்பன் இன்னாசி இருந்தபோதே வந்திருக்கலாம். அவனும் ஆசையாக ஒரு தடவை கையை வைத்துப் பார்த்திருப்பான். அவன் மண்ணுக்குள் போய் இருபத்தெட்டு வருஷம் கழித்து, அவன் முகமே மகளுக்கு மறந்துகொண்டு வருகிற வயசில், வாசலில் வந்து நிற்கிறதே, இத்தனை நாளும் அங்கே என்ன கிழித்துக்கொண்டிருந்தது என்று கேட்கத் தோன்றியது. குனிந்து தூக்கினாள். இப்போதுதான் என்ஜினை நிறுத்தியதுபோல வெள்ளி சுட்டது.

கதை இதுதான். மலை முழுக்கக் காப்பித் தோட்டமும் தோட்டம் முழுக்க வெள்ளைக்காரத் துரைமாருமாக இருந்த காலத்தில், துரைமாருக்கு மோட்டார் சைக்கிள் கிறுக்குப் பிடித்தது. அடிவாரத்திலிருந்து மலை உச்சியில் இருக்கிற கிளப் வாசல் வரைக்கும் யார் சீக்கிரம் ஏறுவது என்று ஒரு பந்தயம் வைத்தார்கள். ஜெயிப்பவருக்குக் கொடுக்க, இரண்டு பக்கமும் காது வைத்து, வயிற்றில் ஒரு மோட்டார் சைக்கிளைச் செதுக்கின வெள்ளிக் கோப்பை ஒன்றைக் கப்பலில் வரவழைத்தார்கள். பெல்லாமி துரை என்பவர் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தார். பந்தயத்தன்று காலையில் அவர் முதல் நாள் குடித்த குடியில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தார். அவருடைய வண்டியைக் கழற்றி மாட்டுகிற மெக்கானிக்தான் இன்னாசி. துரையின் ஆட்கள் அவருடைய தோல் கோட்டையும் தோல் தொப்பியையும் பெரிய கண்ணாடியையும் இன்னாசிக்கு மாட்டி, கழுத்துத் துணியால் வாயைக் கட்டி, அதற்கும் மேலே கறுப்பாகத் தெரிந்த மூக்கு நுனியில் கொஞ்சம் மைதா மாவைத் தடவி, வண்டியில் ஏற்றிவிட்டார்கள். துரையைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து முன்னாலேயே மலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

இன்னாசி இருபத்திரண்டு நிமிஷத்தில் மலை ஏறினான். அவனுக்கு அடுத்து வந்த துரை அதற்கப்புறம் ஒன்பது நிமிஷம் கழித்து வந்தார். இன்னாசி கிளப் வாசலில் நிற்காமல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய், கோட்டைக் கழற்றி, துரைக்கு மாட்டிவிட்டு, துரையின் முகத்தில் ஒரு செம்புத் தண்ணீரை அடித்தான். துரை தள்ளாடிக்கொண்டு முன்பக்கம் போனார். களைப்பு என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். கோப்பையில் அவர் பேரை வெட்டினார்கள். இன்னாசிக்குப் பின்பக்கம் ஒரு தட்டு சோறும் கறியும் கிடைத்தன. வாயைத் திறந்தால் இந்த மலையில் கால் வைக்க முடியாது என்ற வார்த்தையும் கூடவே கிடைத்தது.

அவன் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் அடிவாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வளைவுக்கு வளைவு தோட்டக் கூலிகள் நின்று வேடிக்கை பார்த்தார்களே, அவர்களுக்குக் கண் இல்லையா. இன்னாசி வண்டியைச் சாய்க்கிற சாய்ப்பு தனி. உடம்பெல்லாம் வண்டியோடு படுத்துக்கொள்ள, வலது முழங்கால் வெளியே தள்ளி, தலை மட்டும் நட்டுக்குத்தாக நிற்கும். மாவைத் தடவி மூக்கை மறைக்கலாம், சாய்ப்பை எதைத் தடவி மறைப்பது. எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் தங்கள் வீட்டுக்குள் பேசிக்கொண்டார்கள், ஒருவரும் வெளியே சொல்லவில்லை. பிறகு ஒருநாள் கிளப்பின் தண்ணீர் பம்பைப் பழுது பார்க்கப் போனபோது, அந்தக் கோப்பையை ஒரு தரம் தொட்டுப் பார்க்கட்டுமா என்று இன்னாசி பட்லரிடம் கேட்டான். பட்லர் சிரித்தான். செசிலிக்கு இருபத்தொரு வயசாகும்போது இன்னாசி காமாலை கண்டு செத்துப்போனான்.

கோப்பை வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏட்டு பரமதயாளன் மேலேயிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். நல்ல மனுஷன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"அக்கா, கிளப்புல கோப்பையக் காணலையாம். ஒங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு. நேத்து சாயங்காலம் வந்துச்சு."

"வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா வந்துச்சுதான். ஒங்க பஸ்ஸையே கேளுங்க, எட்டாவது வளைவுல அது ஒதுங்கி நின்னு வழி விட்டுச்சாம்."

அது உண்மை. மலைப்பாதையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஜீப்பில் வருகிற பெரிய மனுஷர்கள் அதை மதிப்பதில்லை, கோப்பை மதித்தது. மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், நியூட்ரலில் இறங்குகிற வண்டியின் வேகத்தில், வளைவுக்கு வளைவு காதுகள் தரையை உரசுகிற மாதிரி சாய்ந்து சாய்ந்து வந்ததைப் பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் பார்த்திருந்தார்கள். டிரைவர் ஒண்டிமுத்து ஹாரன் அடித்திருந்தார். ஏட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோப்பையை மஞ்சள் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மீட்கப்பட்டது என்று எழுதி, செசிலியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் கோப்பை மறுபடி வந்தது.

இன்ஸ்பெக்டர் யோசித்துப் பார்த்தார். ஒரு பொருள் ஓரிடத்தில் இருந்தது, சொந்தக்காரர் சம்மதமில்லாமல் இன்னோரிடத்தில் கிடைத்தது. இதற்குச் சட்டத்தில் திருட்டு என்று பேர், தானாகப் போனதற்கு ஸ்டேஷனில் படிவம் கிடையாது. ஆகவே தினம் ஒரு திருட்டு என்று பதிவாயிற்று. காலையில் ஏட்டு வருவார், செசிலி டீ வாங்கித் தருவாள், அவர் எழுதுவார், அவள் கையெழுத்துப் போடுவாள், கோப்பை பையில் ஏறும், கண்டக்டர் அதற்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார், ஏழரை பஸ் கிளம்பும். நாலு மணிக்குக் கோப்பை இறங்கும். அது வந்ததும் செசிலி ரோட்டுத் தூசியைத் துணியால் துடைத்து, பட்டறை மேசையில் வைத்து, அதன் சூடு ஆறுகிறவரைக்கும் உள்ளங்கையை அதன் வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதன் உள்ளே பெட்ரோல் வாசனையும் நல்லெண்ணெய் தேய்த்த தலையின் வாசனையும் கலந்து இருந்தன. துரை தலைக்கு நல்லெண்ணெய் தேய்க்க மாட்டார் என்பது யாருக்கும் தெரியும்.

கிளப்பில் சும்மா இருப்பார்களா. வெள்ளைக்காரர்கள் போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர்கள் உட்கார்ந்த நாற்காலி, குடித்த கிளாஸ், வேலைக்காரனைக் கூப்பிடுகிற மணி, நாய்க்கு வைத்த பேர் எல்லாம் அப்படியே நம்மவர்களிடம் வந்து சேர்ந்திருந்தன. செக்ரட்டரி விசுவேஸ்வரன் கோப்பையை இரும்புப் பெட்டியில் வைத்துப் பார்த்தார், பெட்டியைச் சங்கிலியால் கட்டிப் பார்த்தார், சங்கிலிக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஓர் ஆளை உட்காரவைத்துப் பார்த்தார், ஆள் நாலு மணிக்கு எழுந்து நின்று சல்யூட் அடித்தான் என்று கேள்விப்பட்டு அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டுக் கோப்பையைச் சிமெண்ட் கலவைக்குள் புதைத்துப் பூசிப் பார்த்தார். மறுநாள் சிமெண்டை உடைத்தபோது உள்ளே கோப்பையின் வடிவத்தில், இரண்டு காதோடு, ஒரு வெற்றிடம் இருந்தது. கோப்பை மட்டும் பஞ்சர் கடையில் இருந்தது.

அடிவாரம் இதையெல்லாம் சீக்கிரமே பழகிக்கொண்டது. முதல் மாசம் சாயங்காலமானால் ரோட்டோரத்தில் கூட்டம் நின்றது. இரண்டாம் மாசம் கூட்டத்துக்கு மைதீன் ராவுத்தர் டீக்கடையில் இரண்டு பெஞ்சு கூடப் போட்டார். மூன்றாம் மாசம் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள், புது மோட்டார் சைக்கிள் வாங்கினவர்கள் கோப்பை வருகிற வழியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பிள்ளை இல்லாதவர்கள் மஞ்சள் கயிற்றோடு நின்றார்கள், ஒரு சோப்பு வியாபாரி அதன் படத்தைப் போட்டுக் காலண்டர் அடித்தான், மாதா கோயில் சாமியார் வந்து பார்த்துவிட்டுக் கோப்பைதானே, மாதா இல்லையே என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு மணிக்குக் கோப்பை கிளம்பும் என்பதால் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதை நிறுத்திவிட்டு, கோப்பை பதினாறாவது வளைவு திரும்புகிறது கண்ணில் பட்டதும் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். இன்னாசி பேரை எல்லோரும் சொன்னார்கள், சத்தமாகவே சொன்னார்கள். அதைக் கேட்கும்போது செசிலிக்குப் பெருமையாக இருக்கும். இவ்வளவு பேருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்துகொண்டுதான் அப்பன் செத்த அன்றைக்கு வந்து அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்களா என்று ஆத்திரமும் வரும்.

அவளுக்குக் கோப்பை வேண்டியதில்லை. விசுவேஸ்வரன் காரில் வந்து இறங்கிக் கேட்டபோது அதைத்தான் சொன்னாள்.

"கோப்பைய நீங்களே வெச்சுக்கங்க சார். எங்கப்பன் பேரை மட்டும் அதுல வெட்டிருங்க. வெட்ட எடமில்லைன்னா ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. வண்டிய ஓட்டுனது இன்னாசின்னு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஏம்மா, புரியாமப் பேசற. அதுல எழுதியிருக்கறது தப்புன்னு நாங்க ஒத்துண்டா, கிளப் சுவர்ல எழுதியிருக்கற அத்தனை பேரையும் நாளைக்கு ஒவ்வொருத்தன் வந்து கேப்பான்."

"கேக்கட்டுமே."

"கோர்ட்டுல பாத்துக்கலாம்," என்றார் அவர்.

செசிலிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஏட்டு தினமும் எழுதுகிற திருட்டைக் கண்டு அவள் பயப்படாமல் கையெழுத்துப் போட்டதே அதனால்தான். வழக்கு நடந்தால், கோப்பை ஏன் இவளிடம் வருகிறது என்று கோர்ட் கேட்டாக வேண்டும், கேட்டால் சொல்லலாம், சொன்னால் எழுதுவார்கள், கோர்ட்டில் எழுதினது அரசாங்கத்துக் காகிதம், அதை யாரும் மாவு தடவி மறைக்க முடியாது. இப்படி அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சாட்சிக்கு ஒண்டிமுத்து இருந்தார். பந்தயத்தன்று பத்து வயசுப் பையனாகப் பதினோராவது வளைவில் மண்மேட்டின் மேல் நின்றவர். இன்னாசியின் முழங்கால் தன் மூக்குக்கு முன்னால் போனதை டீக்கடையில் தினம் ஒரு தடவை சொல்பவர்.

"ஏத்தா செசிலி, நீ கவலப்படாத. அந்தச் சாய்ப்பப் பாத்தவன் நானு. எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்லுவேன்," என்றார் அவர்.

"சொல்லிருங்கண்ணே. அது போதும்."

ஆவணி மாசம் மேலே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு வந்தது. மாஜிஸ்திரேட் கண்ணாடி போட்ட, வயிற்றுப்புண்காரரான ஓர் அமைதியான மனிதர். இருநூற்றுச் சொச்சம் திருட்டையும் ஒன்றாகக் கட்டி மேசையில் வைத்திருந்ததை அலுப்போடு பார்த்துவிட்டு, செசிலி எதிர்பார்த்திருந்த அந்தக் கேள்வியை அவரே கேட்டார். "அது ஏம்மா உங்ககிட்ட வருது?"

செசிலி எல்லாவற்றையும் சொன்னாள். மூக்கு நுனி மாவு வரைக்கும் சொன்னாள். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. இதைப் பார்த்தவர் யாராவது உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். ஒண்டிமுத்து காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து கூண்டில் ஏறினார். எதிரே பெஞ்சில் விசுவேஸ்வரனுக்குப் பக்கத்தில் ஒண்டிமுத்துவின் பஸ் முதலாளி உட்கார்ந்திருந்தார். முதலாளி கிளப் மெம்பர் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் அவர் கோர்ட்டுக்கு வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. அவர் ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்து ஒண்டிமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோராவது வளைவுல நின்னு பாத்தீங்களா?"

"பாத்தேங்கய்யா."

"ஓட்டுனது யாரு?"

ஒண்டிமுத்து கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷமாகப் பதினெட்டு வளைவிலும் ஸ்டியரிங்கைப் பிடித்த கை அது. "அன்னைக்குப் பனி ஜாஸ்திங்கய்யா. யாரோ போனாங்க. யாருன்னு சொல்ல எனக்குத் தைரியமில்லீங்க."

குமாஸ்தா தெரியாது என்று எழுதிக்கொண்டார்.

வேறு சாட்சி உண்டா என்று கேட்டார்கள். டீக்கடையில் பேசினவர்கள், பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்கள், எலுமிச்சம்பழம் வைத்தவர்கள், காலண்டர் வாங்கினவர்கள், பாதிப் பேர் கோர்ட்டுக்குள்ளேயேதான் நின்றுகொண்டிருந்தார்கள். செசிலி திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவரவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்த ஒரே ஆள் மாஜிஸ்திரேட்தான். அவருக்கு வருத்தமாக இருந்தது என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. சாட்சி இல்லாமல் தன்னால் எழுத முடியாது என்றும், ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகத் தண்டனை கொடுக்க வேண்டியிருக்கும் என்றும், அதற்குள் இரண்டு தரப்பும் பேசி ராஜியாகப் போவதானால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றும் சொல்லி, பத்து நாள் தவணை கொடுத்தார்.

அந்தப் பத்து நாளில் அடிவாரம் முழுக்கப் பஞ்சர் கடைக்கு வந்துபோயிற்று. கோப்பையைப் பார்க்க வருகிற வேன்கள் வளைவில் நிற்பதால் பஸ் தாமதமாகிறது, தாமதமானால் பர்மிட் போய்விடும், பர்மிட் போனால் இருபது குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்றார்கள். கடை இருக்கிற இடம் ரோட்டுப் புறம்போக்கு, கிளப்காரர் ஒரு வார்த்தை சொன்னால் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வரும் என்றார்கள். ஜெயிலில் நாலு வருஷம் கிடந்தால் வயசான காலத்தில் யார் பார்ப்பார்கள் என்றார்கள். எல்லாம் அவள் நன்மைக்குத்தான் சொன்னார்கள். முன்னொரு காலத்தில் இவர்கள் அப்பன்மார்கள் இன்னாசியிடம் வந்து, வாயைத் திறக்காதே இன்னாசி, உன் நன்மைக்குத்தான் சொல்கிறோம் என்று சொன்னதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒண்டிமுத்து ஒன்பதாம் நாள் வந்தார். கடைக்குள் வராமல் டயர் அடுக்குக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"என்னய மன்னிச்சிரு தாயி."

செசிலி ட்யூபுக்கு ஒட்டு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பனியா அண்ணே அன்னைக்கு?"

அவர் மேலே கிடந்த டயரைத் தடவினார். பிறகு, "கையெழுத்தப் போட்டு விட்ரு. காகிதந்தான. ஓட்டுனது யாருன்னு நமக்குத் தெரியும், அதுக்கும் தெரியும். காகிதத்துல என்ன எழுதுனா அதுக்கென்ன, அது பாட்டுக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கும்," என்றார்.

அந்த வார்த்தையில்தான் அவள் விழுந்தாள். அத்தனை பேர் சொன்னதிலும் அவளுக்கு நியாயமாகப் பட்டது அது ஒன்றுதான். இரும்புப் பெட்டி தடுக்கவில்லை, சிமெண்ட் தடுக்கவில்லை, ஒரு காகிதமா தடுக்கப்போகிறது என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை மலைக்குப் போனாள்.

விசுவேஸ்வரன் காகிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். செசிலி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "என் தகப்பனார் இன்னாசி என்பவர் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர். மேற்படி பந்தயத்துக்கும் அவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மேற்படி கோப்பைக்கும் அவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை."

அவள் முதல் வரியில் விரலை வைத்தாள். "சம்பந்தமில்லைன்னு இருக்கட்டும் சார். ஓட்டத் தெரியாதுங்கறத மட்டும் எடுத்துருங்க."

"ஓட்டத் தெரியும்னு விட்டா சந்தேகம் மிச்சம் இருக்குமேம்மா."

"அவரு ஓட்டாத வண்டி இந்த மலையில கெடையாது சார்."

"அதனாலதான்," என்றார் அவர், பேனாவை நீட்டிக்கொண்டே, கொஞ்சம்கூடக் கோபமில்லாமல்.

அவள் கையெழுத்துப் போட்டாள். வழக்கு தள்ளுபடியாயிற்று. கோப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அன்று சாயங்காலம் அது வரவில்லை. மறுநாள் சனிக்கிழமை, நாலு மணி தாண்டியும் மலையில் ஒன்றும் அசையவில்லை என்றதும், ஆயிற்று, முடிந்தது என்று ராவுத்தர் கூடப் போட்டிருந்த பெஞ்சைத் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னார். அப்போதுதான் பதினாறாவது வளைவில் அது மின்னிற்று.

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். ஒண்டிமுத்துகூடச் சிரித்தார், சொன்னேனா இல்லையா என்று செசிலியைப் பார்த்துக் கையை ஆட்டினார். செசிலிக்கு இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிற்று. நான் அப்படி எழுதிக்கொடுத்த பிறகும் வருகிறாரே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துணியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றாள். பதினேழாவது வளைவில் அது சாய்ந்தது, பதினெட்டில் இன்னும் அதிகமாகச் சாய்ந்தது, ஒரு காது தார் ரோட்டை உரசித் தீப்பொறி பறந்ததை எல்லோரும் பார்த்தார்கள். நேர் ரோட்டுக்கு வந்து நிமிர்ந்தது. வேகம் குறையவில்லை. அவளுக்கு ஒரு முழ தூரத்தில் அதன் சூடு முகத்தில் அடித்தது, அடுத்த நிமிஷம் அது அவளைத் தாண்டிப் போயிருந்தது.

அதுவரைக்கும் அவள் அதை அப்பா என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டாள், மூன்று தடவை கூப்பிட்டாள். அது டீக்கடையைத் தாண்டி, மாதா கோயிலைத் தாண்டி, புளியமரச் சாலையில் கிழக்கே பார்த்துப் போயிற்று. இறங்குகிற ரோட்டில் அது நியூட்ரலில்தான் வந்துகொண்டிருந்தது என்பதும், அதற்கு அவ்வளவு வேகம் உண்டு என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒண்டிமுத்து பஸ்ஸை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். இரண்டு மைல் போய் வெறும் ரோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை. கிளப்பில் காலி அலமாரியை அப்படியே வைத்து, முன்னால் ஒரு படத்தை மாட்டிக்கொண்டார்கள். சோப்பு வியாபாரி அடுத்த வருஷக் காலண்டரில் முருகனைப் போட்டான். பள்ளிக்கூடத்தில் மறுபடி மணி அடித்தார்கள். வேன்கள் வராமல் போன பிறகு டீக்கடையில் வியாபாரம் படுத்துவிட்டது என்று செசிலிக்குக் கேட்கும்படியாகவே பேசினார்கள். கையில் வந்ததை வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்றார்கள், பெற்ற அப்பனைக் காசுக்கு எழுதிக்கொடுத்தவள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். செசிலி காசு வாங்கவில்லை என்பது சொன்னவளுக்கும் தெரியும். ஆனால் இதெல்லாம் பிற்பாடு நடந்தது.

அது போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏட்டு வந்தார். பை கொண்டுவரவில்லை, காகிதம் மட்டும் கொண்டுவந்திருந்தார். செசிலி டீ வாங்கித் தந்தாள். அவர் குடித்துவிட்டு, தொடையில் அட்டையை வைத்து எழுத ஆரம்பித்தார்.

"இது திருட்டு இல்லக்கா. காணாமப் போனதுக்கு ஒரு வாக்குமூலம் வேணுமாம். கடேசியாப் பாத்தது நீங்கதான. பேரு செசிலி. வயசு?"

"நாப்பத்தொம்பது."

"தகப்பனார் பேரு," என்று வழக்கம்போல ஆரம்பித்த ஏட்டு நிறுத்திக்கொண்டார்.

"இன்னாசி," என்றாள் செசிலி.

அவர் எழுதவில்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றினார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. கோப்பைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லைன்னு கோர்ட்டுல காகிதம் இருக்கு. கோப்பை சம்பந்தமா எந்தக் காகிதத்துலயும் அவர் பேரு வரக் கூடாதுன்னு இன்ஸ்பெக்டர் சொல்லி விட்டாரு. வந்தா ராஜி முறிஞ்சுருமாம்."

"அப்ப அந்த எடத்துல என்ன எழுதுவீங்க?"

"ஒண்ணும் எழுதல. சும்மா விட்டுர்றேன்."

அவர் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டு மிச்சத்தை எழுதினார். நாலு மணிக்கு மேல், பதினெட்டாவது வளைவு, கிழக்குத் திசை என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினார். எழுதி முடித்துக் காகிதத்தையும் பேனாவையும் அவளிடம் கொடுத்தார். செசிலி வாங்கி அடியில் கையெழுத்துப் போடத் தொடங்கினாள். முதல் எழுத்தைப் போட்டுப் புள்ளியும் வைத்துவிட்டாள்.

"அக்கா," என்றார் ஏட்டு, மெதுவாக. "இனிஷியலும் வேண்டாம்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அந்த 'இ' மேல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் வெறும் செசிலி என்று எழுதிக் கொடுத்தாள்.